எப்வொர்த் வீட்டு அடுப்பங்கரை



சில மாதங்களுக்கு முன்பு பெண்கள் உபவாச ஜெபத்தில் ஒரு விசுவாச ஸ்திரீயைப் பற்றி அரை மணி நேரம் பேசும்படி பாஸ்டரம்மா என்னிடம் சொன்னார்கள். நான் மேடையில் நின்று பழக்கமில்லாதவள். சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன், அவ்வளவுதான். யாரைப் பற்றிப் பேசப்போகிறாய் என்று கேட்டதும் சுசன்னா வெஸ்லி அம்மையார் என்று சட்டென்று வாயில் வந்துவிட்டது. 19 பிள்ளைகளைப் பெற்றவர், ஜான் வெஸ்லியின் தாயார், ஏப்ரனைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு ஜெபித்தவர். எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்! சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வாசிக்க வாசிக்க அந்த அம்மா என்னைச் சுலபமாக விடவில்லை. பேசி முடித்த பிறகும் விடவில்லை. அன்றைக்கு நான் பேசாமல் மறைத்த ஒரு காரியமும் உண்டு. பாஸ்டர் எழுதிக் கொடுக்கச் சொன்னதால் இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன். நடுவில் என் வீட்டுக் காரியமும் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுசன்னா அம்மையார் 1669-ஆம் வருஷம் ஜனவரி 20-ஆம் தேதி லண்டன் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் டாக்டர் சாமுவேல் அன்னஸ்லி பெரிய பிரசங்கியார். இங்கிலாந்து அரசாங்கச் சபையின் சட்டங்களுக்கு மனச்சாட்சிப்படி இணங்க முடியாததால் 1662-ல் தமது சபையையும் வருமானத்தையும் இழந்தவர். அவருக்கு 25 பிள்ளைகள், கடைசிப் பிள்ளை சுசன்னா. அந்த வீட்டுக்குப் படித்தவர்களும் ஊழியர்களும் வருவார்கள், வேத வசனங்களைப் பற்றி விவாதம் நடக்கும், இந்தச் சின்னப் பெண் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். 13 வயது ஆகும் முன்னே இரண்டு பக்கத்து நியாயங்களையும் எழுதி ஆராய்ந்து பார்த்து, தகப்பனார் எதை விட்டு வெளியே வந்தாரோ அதே அரசாங்கச் சபையில் தான் சேரப்போவதாக முடிவு செய்துவிட்டாள்.

இந்த இடத்தில் நான் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம் வீட்டில் 13 வயதுப் பிள்ளை அப்பாவின் சபையை விட்டுப் போகிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும்? அன்னஸ்லி மகளைத் துரத்தவில்லை, முகம் கோணவும் இல்லை. கடைசி வரைக்கும் அவள்தான் செல்லம். தாம் வாழ்நாளெல்லாம் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதிகளை மற்ற யாருக்கும் கொடுக்காமல் இந்த மகளுக்கே விட்டுப்போனார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1688-ல் 19 வயதில் சாமுவேல் வெஸ்லி என்ற இளம் ஊழியருக்கு வாழ்க்கைப்பட்டார். 1690-களில் அவர்கள் லிங்கன்ஷயர் பகுதியில் எப்வொர்த் என்ற ஊருக்கு வந்தார்கள். சுற்றிலும் சதுப்பு நிலம், முரட்டு ஜனங்கள். சாமுவேல் படித்தவர், கவிஞர், பக்திமான்தான். ஆனால் பணம் அவர் கையில் நிற்காது. கடன் கழுத்து வரைக்கும். கோபமும் சீக்கிரம் வரும். ராஜாவாகிய மூன்றாம் வில்லியமுக்காக ஏறெடுத்த ஜெபத்துக்கு மனைவி ஆமென் சொல்லவில்லை என்பதற்காக வீட்டை விட்டே கிளம்பிப் போய்விட்டார்! அந்த அம்மாவின் மனச்சாட்சியில் வில்லியம் நியாயமான ராஜா அல்ல, அதனால் ஆமென் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டால் திரும்பி வருகிறேன் என்றார் கணவர். மனச்சாட்சிக்கு விரோதமாகப் பொய்யாக மன்னிப்புக் கேட்க முடியாது என்றார் மனைவி. ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அம்மா பல மாதங்கள் தனியாக இருந்தார். 1702-ல் ராஜா மரித்தார், அந்த வருஷமே வீட்டில் ஒரு பகுதி தீயில் எரிந்தது, புருஷனும் திரும்பி வந்தார். அந்தச் சமாதானத்துக்குப் பிறகு 1703 ஜூன் மாதம் பிறந்த பிள்ளைதான் ஜான் வெஸ்லி. பரிசுத்தவான்களின் வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆறுதலும் வந்தது.

19 பிள்ளைகள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களில் 9 பேரைக் குழந்தைகளாகவே அடக்கம் பண்ணினார். 1705-ல் பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்திருந்த தாதி அசதியில் தூக்கத்தில் குழந்தையின்மேல் புரண்டுவிட்டாள். பிரசவ அசதியோடு படுத்திருந்த தாயின் கையில் அந்தப் பிள்ளையை உயிரில்லாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதே வருஷம் 30 பவுன்கூட இல்லாத ஒரு கடனுக்காகச் சாமுவேலைப் பிடித்து லிங்கன் கோட்டைச் சிறையில் போட்டார்கள். தேர்தல் விரோதத்தில் ஊரார் அவர்களுடைய மாடுகளை ராத்திரியில் குத்திப்போட்டார்கள். வீட்டில் விற்க ஒன்றுமில்லை. அந்த அம்மா தம் விரல் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார், கணவர் அவற்றை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பினார். பின்னொரு நாள் யார்க் பேராயர் இந்த அம்மாவைப் பார்த்து, எப்போதாவது அப்பத்துக்கே குறைவு பட்டதுண்டா என்று கேட்டாராம். அப்பமே இல்லாமல் போனதில்லை, ஆனால் அது வருவதற்கு முன்னும், வந்து அதற்குப் பணம் கொடுக்கும் வரைக்கும் பட்ட கவலையில், தின்ற அப்பமும் ருசிக்கவில்லை என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். மாதக் கடைசியில் மளிகைக் கடை நோட்டைப் புரட்டிப் பார்க்கிற சகோதரிகளுக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை.

1709 பிப்ரவரி 9-ஆம் தேதி இரவு வீடு மறுபடியும் பற்றிக்கொண்டது. எல்லாரும் தூக்கம். தெருவில் எழுந்த கூக்குரலைக் கேட்டுத்தான் சாமுவேல் விழித்தார். அந்த அம்மா நிறைமாதக் கர்ப்பிணி, உடம்பும் சுகமில்லை. மற்றவர்களைப்போல ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்க முடியவில்லை. மூன்று தரம் வாசலுக்குப் போகப் பார்த்து மூன்று தரமும் தீ தள்ளிவிட்டது. கர்த்தரைக் கூப்பிட்டுவிட்டு நெருப்புக்குள்ளேயே நடந்து வெளியே வந்தார். கையிலும் முகத்திலும் கொஞ்சம் சுட்டது, அவ்வளவே. வெளியே வந்து பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. ஐந்தரை வயது ஜான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். தகப்பன் படியில் ஏறப் பார்த்தார், படி எரிகிறது. முழங்காலில் நின்று பிள்ளையின் ஆத்துமாவைக் கர்த்தரிடத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டார். அதற்குள் பையன் விழித்து, ஜன்னலோரப் பெட்டியின்மேல் ஏறி நின்றான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவன் தோளில் ஒருவன் ஏறி நின்று பிள்ளையை இழுத்த அந்த நிமிஷத்தில் கூரை உள்பக்கமாய் விழுந்தது. சாமுவேல் அக்கம்பக்கத்தாரை எல்லாம் முழங்காற்படியிடச் சொன்னார். 8 பிள்ளைகளும் இருக்கிறார்கள், வீடு போனால் போகட்டும், நான் ஐசுவரியவான்தான் என்று சொல்லிக் கர்த்தரை ஸ்தோத்திரித்தார். தம்மை அக்கினியிலிருந்து பறிக்கப்பட்ட கொள்ளி என்று (சகரியா 3:2) ஜான் வெஸ்லி கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டதன் காரணம் இதுதான். அன்னஸ்லி மகளுக்கென்று விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் அந்த ராத்திரியில் சாம்பலாயின.

வீடு கட்டி முடியும் வரைக்கும் பிள்ளைகளை வெவ்வேறு வீடுகளில் விட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது கெட்ட வார்த்தை, அசட்டுப் பாட்டு, முரட்டுத்தனம் எல்லாம் கற்றுக்கொண்டு வந்தன. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவருடைய ஒழுங்கைப் பற்றி ஜான் கேட்டதன்பேரில் 1732-ல் அவரே ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு வயதாகும்போதே சத்தம் போடாமல் மெதுவாக அழப் பழக்குவார். பேச்சு வந்தவுடன் கர்த்தருடைய ஜெபம், எழுந்தவுடனும் படுக்கும்போதும். ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்துப் படிப்பு ஆரம்பம், அன்று ஒரே நாளில் எல்லா எழுத்தும் தெரிந்தாக வேண்டும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்று என்று குறித்து வைத்திருக்கிறார், பாவம்! எழுத்து தெரிந்ததும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் எழுத்துக் கூட்டி வாசிப்பு. காலை 9 முதல் 12, பிற்பகல் 2 முதல் 5, நாள் தவறாமல் பள்ளிக்கூடம். சங்கீதம் பாடி ஆரம்பித்து, சங்கீதம் பாடி முடிப்பார்கள். ஆண் பிள்ளைக்கு ஒரு படிப்பு, பெண் பிள்ளைக்கு ஒரு படிப்பு என்பது இல்லை. நன்றாக வாசிக்கத் தெரியும் வரைக்கும் எந்தப் பெண்ணையும் தையல் வேலையில் உட்காரவைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அந்த அம்மாவின் கண்டிப்பு எல்லாவற்றுக்கும் நான் ஆமென் சொல்ல மாட்டேன். பிள்ளையின் சுயசித்தத்தை உடைப்பது என்று அவர் சொல்வதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் பெண்களுக்குக் கிடைக்காத படிப்பை மகள்களுக்குக் கொடுத்த தாயார் அவர்.

ஏப்ரன் கதையை எல்லாரும் சொல்கிறார்கள், கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் கைப்படக் குறித்து வைத்திருக்கிற தியானங்கள். காலையிலும் மாலையிலும் தனித்திருக்கிற நேரத்தை அவர் விட்டதில்லை. இத்தனை பிள்ளைகள், இத்தனை கடன், இத்தனை நோயின் நடுவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். 1711 மே மாதக் குறிப்பு ஒன்றில், கர்த்தர் இரக்கமாய்க் காப்பாற்றிக் கொடுத்த ஜானின் ஆத்துமாவுக்காக இனி விசேஷ கவனம் எடுப்பேன் என்று பொருத்தனை பண்ணியிருக்கிறார். அப்போது ஜானுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை.

இப்போதுதான் நான் ஆச்சரியப்பட்ட இடத்துக்கு வருகிறேன். நம் தரங்கம்பாடி இந்தக் கதைக்குள் வருகிறது!

டென்மார்க் ராஜா அனுப்பிய சீகன்பால்க் ஐயரும் புளூட்சோ ஐயரும் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கியதை நாம் அறிவோம். சீகன்பால்க் பிள்ளைகளோடு பிள்ளையாய் மணலில் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டதும், நான்கு மாதம் சிறையில் கிடந்ததும், 1711-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்ததும் நமக்குத் தெரியும். அவர்கள் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சானது. அந்தப் புஸ்தகம் எப்வொர்த் வீட்டில் சாமுவேலுடைய படிப்பறையில் கிடந்தது. 1711-12 குளிர்காலம். சபை மாநாட்டுக்காகச் சாமுவேல் லண்டனுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டார். மூத்த மகள் எமிலியா அதை எடுத்துவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்த அந்த ராத்திரியும் அதற்குப் பின் பல நாளும் வேறு எதையும் தன்னால் நினைக்க முடியவில்லை என்று அந்த அம்மா புருஷனுக்கு எழுதினார். நான் ஆணும் அல்ல, ஊழியக்காரனும் அல்ல, ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகமாய் ஏதாவது செய்யலாமே என்று அவருக்குள் ஒரு தவிப்பு.

கப்பல் ஏறித் தரங்கம்பாடிக்கு வர அவரால் முடியுமா? அதனால் தன் பிள்ளைகளிடத்தில் ஆரம்பித்தார். ராத்திரிதோறும் ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது. பாடம் அல்ல, கண்டிப்பும் அல்ல. அந்தப் பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறது, எதற்குப் பயப்படுகிறது, கர்த்தரோடு அதற்கு எப்படி இருக்கிறது என்று கேட்பது. திங்கட்கிழமை மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பாட்டி (நம் பாட்டி அல்ல, மார்த்தாள் என்ற பெண்ணின் செல்லப்பெயர்), சனி சார்லஸ், ஞாயிறு எமிலியாவும் சுக்கியும். சார்லஸுக்கு அப்போது நாலு வயசு. அந்த நாலு வயசுக்கும் ஒரு சாயங்காலம்! பின்னாளில் 6,000-க்கும் அதிகமான பாட்டு எழுதியவர் அவர்.

இருபது வருஷம் கழித்து ஜான் ஆக்ஸ்போர்டில் பெரிய படிப்பாளியாக இருந்தபோது அம்மாவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், முன்பு எனக்குக் கொடுத்த அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தில் ஒரு சிறு பங்கை இப்போதும் வேறு விதமாய் எனக்குத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதே குளிர்காலத்தில்தான் அடுப்பங்கரைக் கூட்டமும். ஊழியர் ஊரில் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆராதனை இல்லை. பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்குமாக அந்த அம்மா வீட்டு அடுப்பங்கரையில் ஜெபம் வாசித்து, ஒரு பிரசங்கத்தையும் வாசிக்க ஆரம்பித்தார். வேலைக்காரப் பையன் தன் வீட்டில் சொன்னான், அவன் பெற்றோர் வந்தார்கள். அவர்கள் சொல்ல மற்றவர்கள் வந்தார்கள். முதலில் 30, 40 பேர். பிறகு 200 பேருக்கும் மேல், நிற்க இடமில்லாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. மாடுகளைக் குத்திப்போட்ட ஊர்தானே அது! கணவர் பொறுப்பில் விட்டுப்போன உதவி ஊழியருக்கு இது பொறுக்கவில்லை, லண்டனுக்குக் கடிதம் போட்டார். சாமுவேலுக்குச் சங்கடம். பெண் பிள்ளை இப்படிச் செய்வது விநோதமாய் இருக்கிறதே, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லக்கூடாதா என்று எழுதினார். ஒரு பிரசங்கத்தை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவன் இங்கே ஒருவனும் இல்லை என்று பதில் வந்தது. நான் ஸ்திரீதான், ஆனாலும் நீர் இல்லாத நேரத்தில் இந்தக் குடும்பத்து ஆத்துமாக்கள் என்னிடத்தில் ஒப்புவிக்கப்பட்ட தாலந்து என்றும் எழுதினார். கூட்டத்தை நிறுத்த வேண்டுமானால் விருப்பம் என்று சொல்லாதேயும், கட்டளையாக எழுதி அனுப்பும், கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக இதைக் குறித்துக் கணக்குக் கேட்கும்போது குற்றம் என்மேல் இராதபடிக்கு என்றார். சாமுவேல் கட்டளை அனுப்பவில்லை. அந்த வீடு இன்றும் எப்வொர்த்தில் நிற்கிறது, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் கூட்டத்தில் இவ்வளவும் பேசினேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். இதற்குப் பிறகு நேராக அந்த அம்மாவின் கடைசி நாட்களுக்குத் தாவிவிட்டேன். நடுவில் விட்டது செவ்வாய்க்கிழமைப் பிள்ளையை.

ஹெட்டி, முழுப்பெயர் மெகெதபேல். அந்த வீட்டில் எல்லாரையும்விடப் புத்திசாலி. எட்டு வயதில் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசித்தவள், கவிதை எழுதுகிறவள், சிரித்த முகம். 1725-ல் கலியாணம் செய்துகொள்வதாகச் சொன்ன ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போய், ஏமாந்து, மறுநாளே திரும்பி வந்தாள். பிள்ளை உண்டாகியிருந்தது. தகப்பனார் அவளை அவசர அவசரமாக ஒரு குழாய் வேலைக்காரருக்குக் கட்டிவைத்தார். அவர் குடிகாரர். பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாய்ச் செத்தன, பட்டறையில் ஈயம் உருக்குகிற புகைதான் காரணம் என்று அவள் நினைத்தாள். மன்னிப்புக் கேட்டுத் தகப்பனாருக்கு அவள் எழுதினாள், அவர் மனம் இளகவில்லை. அவள் பெயரைச் சொன்னாலே அருவருப்பு. மனந்திரும்பியதெல்லாம் வேஷம் என்று வீட்டில் நினைத்தார்கள். அப்படி நினைத்தவர்களில் அம்மாவும் ஒருவர். ஆம், சுசன்னா அம்மையார்தான். செவ்வாய்க்கிழமைதோறும் அந்தப் பெண்ணை அருகில் உட்காரவைத்து மனதில் இருப்பதைக் கேட்ட அதே அம்மா. 1726-ல் ஜான் துணிந்து, தவறினவர்களிடத்தில் அன்பாயிருக்க வேண்டியதைப் பற்றித் தகப்பனாருக்கு முன்பாகவே பிரசங்கம் பண்ணினார். தகப்பனாருக்கு அது மனவருத்தமாயிற்று.

எங்கள் வீட்டில் அப்பா இருந்த நாட்களில் இரவு ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம் ஒரு நாளும் தவறாது. பாய் விரித்து, ஒரு பாட்டு, ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றி வாசிப்பு, பிறகு அப்பா ஜெபம். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. சபை, ஊழியர்கள், மிஷனெரிகள், ஊர், சொந்தக்காரர், கடைசியில் பிள்ளைகள் பெயர் வரிசையாக. நாங்கள் நாலு பேர். 1998-ல் என் கடைசித் தங்கை வேற்று மார்க்கத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். அன்று ராத்திரியும் ஏழரைக்குப் பாய் விரித்தோம். அப்பா எல்லா ஒழுங்கையும் ஜெபித்தார்கள். பிள்ளைகள் பெயர் மூன்றோடு நின்றது. ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்திவிட்டு வந்ததுபோல எனக்கு இருந்தது. ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. 2011-ல் அப்பா கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள். தங்கை அடக்கத்துக்கு வந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு அம்மா என்னோடு இருக்கிறார்கள். குடும்ப ஜெபம் இப்போது நான் நடத்துகிறேன். பெயர்கள் மூன்றுதான். பழக்கம் அப்படியே வந்துவிட்டது. குடும்ப ஜெபத்தை விடாமல் காத்துவருகிறோம் என்று சாட்சிகூடச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது புரிகிறதா, ஹெட்டியைப் பற்றி நான் ஏன் பேசவில்லை என்று?

சாமுவேல் வெஸ்லி 1735 ஏப்ரலில் மரித்தார். அந்த வருஷமே ஜானும் சார்லஸும் அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போக அழைப்பு வந்தது. விதவையான தாயை விட்டுவிட்டுப் போவதா என்று ஜான் தயங்கினார். 20 மகன்கள் இருந்து எல்லாரும் இப்படிப் போனாலும் சந்தோஷப்படுவேன் என்று அம்மா அனுப்பிவைத்ததாகச் சொல்வார்கள். சொந்த வீடில்லாமல் பிள்ளைகள் வீடுகளில் மாறி மாறி இருந்து, கடைசியில் லண்டனில் ஜானுடைய ஊழியத்தின் இடமான ஃபவுண்டரிக்கு வந்து சேர்ந்தார். முன்பு பீரங்கி வார்த்த பழைய கட்டடம் அது.

அங்கே இருந்தபோது ஜான் இல்லாத சமயத்தில் தாமஸ் மாக்ஸ்பீல்டு என்ற வாலிபர், குருப்பட்டம் இல்லாதவர், பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிட்டார். ஜான் கோபத்தோடு வந்தார். அம்மா தடுத்து, உன்னைப்போலவே அவனும் தேவனால் அழைக்கப்பட்டவன், அவன் பிரசங்கத்தின் கனியைப் பார், நீயே கேட்டுப் பார் என்றார். ஜான் கேட்டார், அடங்கினார். மெதடிஸ்ட் எழுப்புதலில் சாதாரண விசுவாசிகள் பிரசங்கம் பண்ண வழி திறந்ததில் இந்த வார்த்தைக்குப் பெரிய பங்கு உண்டு.

1739-ல் நடந்த ஒன்றை ஜான் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு அப்போது 70 வயது. இந்த ஜீவியத்திலேயே பாவமன்னிப்பின் நிச்சயம் கிடைக்கும், ஆவியானவர் நம்முடைய ஆவியோடு சாட்சி கொடுப்பார் (ரோமர் 8:16) என்பதைச் சமீபகாலம் வரைக்கும் தாம் கேள்விப்பட்டதே அரிது என்றும், தமக்கென்று அதைக் கேட்கத் துணியவில்லை என்றும் மகனிடம் சொன்னார். ஆனால் சில வாரங்களுக்கு முன் திருவிருந்தில் மருமகன் பாத்திரத்தைக் கையில் கொடுத்து, கிறிஸ்துவின் இரத்தம் உமக்காகச் சிந்தப்பட்டது என்ற வழக்கமான வார்த்தைகளைச் சொன்னபோது அது நெஞ்சுக்குள் பாய்ந்தது, தேவன் தம்முடைய பாவங்களையெல்லாம் மன்னித்துவிட்டார் என்று அந்த நிமிஷத்தில் அறிந்துகொண்டார். பத்துப் பிள்ளைகளை வளர்த்து, 200 பேருக்குப் பிரசங்கம் வாசித்து, இரண்டு பெரிய ஊழியக்காரரை உலகத்துக்குக் கொடுத்த பிறகு, 70 வயதில்! அதுவும், எத்தனையோ தரம் கேட்டுப் பழகிப்போன வார்த்தைகளில்.

1742 ஜூலை மாதம் ஜானும் மகள்மாரும் கட்டிலைச் சுற்றி நிற்க அந்த அம்மா கர்த்தரிடத்தில் போனார். உயிர் பிரிந்தவுடன் அழாமல் ஒரு ஸ்தோத்திர சங்கீதம் பாட வேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தார், அப்படியே பாடினார்கள். ஆகஸ்டு 1-ஆம் தேதி பன்ஹில் பீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் திரள் ஜனத்துக்கு முன்பாக ஜானே அடக்க ஆராதனை நடத்தினார். ஹெட்டியும் பின்னாளில் சகோதரர்களுடைய ஊழியத்தில் ஆறுதல் கண்டு 1750-ல் லண்டனில் மரித்தாள். கடைசி நாட்களில் சார்லஸ் அவளைப் போய்ப் பார்த்து ஜெபித்தார்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், என்ன பேசினாய் என்று அம்மா கேட்டார்கள். அம்மாவுக்கு 82 வயசு, கண் சரியாகத் தெரியாது. இரண்டு மூன்று ராத்திரி புஸ்தகத்தில் உள்ளதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஹெட்டி வந்த இடத்தில் தாண்டிப் போகலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஏழரைக்குப் பாய் விரித்து ஜெபித்து, மூன்று பெயரும் சொல்லி ஆமென் சொல்ல வாயெடுக்கும்போது, அம்மா நாலாவது பெயரைச் சொன்னார்கள். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. பெயர் மட்டும். பிறகு அவர்களே ஆமென் சொன்னார்கள். அன்றைக்கு வியாழக்கிழமை.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டேன். நம்பரை ஒரு சொந்தக்காரப் பெண்ணிடம் வாங்கினேன். தங்கை எடுத்து, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, சாப்பிட்டாயா அக்கா என்று கேட்டாள்.

அதிலிருந்து வாரம் தவறாமல் பேசுகிறோம். அம்மாவும் போனை வாங்கி, சத்தம் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பேசுவார்கள். பழைய காரியத்தை யாரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய நாள் வரும்போது பார்த்துக்கொள்வோம். அவள் மகன் காலேஜில் படிக்கிறானாம், நான் இன்னும் பார்த்ததில்லை. போன வாரம் அவள், ஏன் அக்கா எப்பவும் வியாழக்கிழமையே கூப்பிடுறே என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. இந்த மடல் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பலாம் என்று இருக்கிறேன்.